குழித்துறைப் பாலத்தில் நாய் இல்லை

மக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நாற்காலி போட்டு ஏறி, சமையலறை சிலாப்பில் பழைய உருளிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சாக்குப் பொட்டலத்தை இறக்கினேன். அப்பா முதல் டிரிப்புக்காக நாலரைக்கே பஸ் டெப்போவுக்குப் போய்விட்டார். வீட்டில் யாரும் இல்லாததால் தூசியைக்கூடத் தட்டாமல் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு முழம் நீளத்தில் துருப்பிடித்த இரும்பு. பத்து வருடத்துக்கு முன்னால் நம் வீட்டில் ஓடிய கரண்டு ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைத் தாங்கிய போர்க்கின் மேல்பாதி அது. அது இந்த வீட்டில் இருப்பது உனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அதை எதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்புவேன். துபாயில் நீ எழும்பும்போது உன் போனில் இருக்கும்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தொரு நாள். கோயிலில் முதல் ஓலை வாசித்து, இன்னார் மகன் இன்னார் மகளைக் கைப்பிடிக்கப் போகிறான் என்று ஊரறியச் சொல்லியாயிற்று. இந்த நேரத்தில் ஒரு அம்மா மகனுக்கு எழுதினால் மனைவியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் எழுதுவாள். நானும் அப்படி ஒன்றை மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. மூன்று நாளாக எதைச் செய்தாலும் தப்பாகிறது. ஆபீசில் ஒருவருடைய பாலிசியில் இன்னொருவர் பெயரை அடித்துக் கொடுத்தேன். நேற்று ராத்திரி அப்பா உலைமூடியைத் திறந்து பார்த்து, "என்னட்டி இது, வெறும் வெள்ளம் கொதிக்குது?" என்று கேட்டார். உலையில் அரிசி போட மறந்திருந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தின் நிழல் விழுகிற அந்த மாடி ஆபீசை நீ அறிவாய். வண்டி இன்சூரன்சில் பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. நொறுங்கிய வண்டிகளின் போட்டோவை நான் பார்த்த அளவுக்கு வேறு பெண்கள் கல்யாண ஆல்பம் பார்த்திருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு உன் வருங்கால மாமனார் வறுவேல் அண்ணன் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஏலம் முடிந்து நேராக வந்திருந்தார். வேட்டி ஓரத்தில் மீன் செதிள் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, உள்ள வரலாமா? ஆபீசுக்குள்ள மீன் நாத்தம் அடிக்கும்."

"வாங்கண்ணே. இங்க உள்ள பழைய பேப்பர் நாத்தத்துக்கு அது எவ்வளவோ மேல்."

உட்கார்ந்து, போனைத் துடைத்து, ஒரு படத்தைக் காட்டினார். வெளிர்பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார். குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கிற பொம்மை மாதிரி உருண்டையாக இருந்தது. "மருமவன் அனுப்புன போட்டோவாக்கும். இதுக்கு இன்சூரன்ஸ் உனக்க கையால போடணும்ணு எனக்கொரு ஆச."

நான் அசடுபோல, "எந்த மருமவன்?" என்று கேட்டேன்.

"எனக்கு எத்தர மருமவன் இருக்கான்? ஒரே மோளு, ஒரே மருமவன். உனக்க மோன்தான்." சத்தமாகச் சிரித்தார். "கரண்டு காராக்கும் தங்கச்சி. வெளிநாட்டுச் சாமான். பெட்ரோல் வேண்டாம். மாப்பிள்ள நல்ல பிள்ள. வேற எவனா இருந்தா பெரிய காரு கேக்குவான். இவரு, 'மாமா, உங்களுக்குக் கஷ்டம் வரப்படாது, சின்னது போரும்'ணு சொன்னாரு."

நிச்சயத்தன்று நான் எழுந்து நின்று என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். பங்குச் சாமியார் இருந்தார், இரண்டு பக்கத்துச் சொந்தமும் இருந்தது. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பிள்ளைய மட்டும் தாங்க" என்றேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய், தலையையும் ஆட்டினாய். நம் மாவட்டத்தில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மணமகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கோயில் கேட்டில் சிவப்பு ரிப்பன் கட்டி நிற்கிற காரைப் பார்ப்பார்கள். அந்த ரிப்பன் என் மகனின் கல்யாணத்தில் இருக்காது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையோடு நான் இரண்டு மாதம் கடைவீதியில் நடந்திருக்கிறேன். நீ துபாயிலிருந்து போனிலேயே ரிப்பன் கட்டிவிட்டாய்.

"வண்டிய எப்ப எடுக்குதியண்ணே?" என்று கேட்டேன். 

"சனியாழ்ச்ச. நம்ம டெம்போவ காரு கடைக்காரன் எடுத்துக்கிடுவான். பேசி முடிச்சாச்சு."

"மீன் டெம்போவயா? பின்ன தொழிலு?"

"வாடக வண்டி கிடைக்காதா? எனக்கினி என்ன ஓட்டம் தங்கச்சி? மோளக் கெட்டிக் கொடுத்தா முடிஞ்சுது."

அந்த டெம்போவை நீ பார்த்திருக்கிறாய். முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் பெயின்டில் 'ஜெனிஷா' என்று மகள் பெயரை எழுதியிருப்பார். அவள் பிறந்த வருடம் வாங்கிய பழைய டெம்போ ஓய்ந்த பிறகு, இதை எடுத்து அதே பெயரை எழுதினார். ஐஸ் பெட்டியோடு விடிவதற்கு முன்னால் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற அந்த வண்டிதான் அவர் வீட்டின் அடுப்பு. அதைக் கொடுத்துவிட்டு இந்தப் பச்சைப் பொம்மையை வாங்கப் போகிறார். அதை நம் வீட்டு வாசலில் விட்டுவிட்டு பஸ்சில் திரும்பிப் போவார்.

வண்டியை நானும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மறுநாள் அரைநாள் லீவு போட்டு அவரோடு போனேன். நாகர்கோவில் போகிற சாலையில், முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த ஒரு கிடங்கில் கடை வைத்திருக்கிறார்கள். ஷீட்டின் புளித்த வாடை இன்னும் சுவரில் இருக்கிறது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் ஓடிவந்தார். "மேடம், இதுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், ரோடு டாக்ஸ் வேண்டாம்" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

வறுவேல் அண்ணன், "ஓட்டுதவனுக்குத் தலையாவது வேணுமா, அதும் வேண்டாமா?" என்றார்.

அட்டைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த மூன்று 'வேண்டாம்'களை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதே வரிசையில், அதே வேகத்தில்.

இடிபட்ட வண்டிகளை மதிப்பிட எங்கள் ஆபீசுக்கு வருகிற சர்வேயர் சார் ஒரு வண்டியைப் பார்த்தால் பெயின்டைப் பார்க்க மாட்டார். கதவைத் திறந்து மூடிக் காது கொடுப்பார். தகட்டை விரலால் அழுத்துவார். சீட் பெல்ட் எங்கே பிடித்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். நானும் அதையே செய்தேன். கதவு மூடுகிற சத்தம் பிஸ்கட் டின் மூடுகிற சத்தம். பெல்ட்டைப் பிடித்து ஒரு கையால் இழுத்தேன். அதைத் திருகிப் பொருத்தியிருந்த தகடு என்னோடு வளைந்து வந்தது, விட்டதும் 'டொப்' என்று திரும்பப் போனது. என் வயது நாற்பத்தேழு, என் கையில் என்ன பலம் இருக்கும்? ஒரு டிப்பர் லாரி இடிக்கும்போது அந்தத் தகடு எந்த ஆளைப் பிடித்து நிறுத்தும்? பின்சீட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். அடியில் வரிசையாகப் பாட்டரிகள், மேலே ஒரு ரெக்சின் விரிப்பு, அதற்கு மேலே உட்காருகிற ஆள். ஏர்பேக் உண்டா என்று கேட்டேன். "இது ஸ்பீடு போகாது மேடம், அது தேவப்படாது" என்றார். இந்த வண்டி வேகம் போகாது, சரி. எதிரே வருகிறவன் போவானே.

"பாட்டரி எத்தனை வருசம் வரும்?"

"ஒரு வருசம் கேரன்டி மேடம்."

"பிறகு?"

"ஆர்டர் போட்டா கப்பல்ல வரும்."

"கப்பலு எந்தக் கடல்ல நிக்குதுண்ணு மட்டும் சொல்லும், நானே வள்ளத்துல போய் எடுத்துட்டு வாறேன்" என்றார் வறுவேல் அண்ணன். பேசிக்கொண்டே விரல் முட்டியால் வண்டியின் பக்கவாட்டைத் தட்டினார். இரண்டு இடத்தில் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். கடற்கரைக்காரர்கள் வள்ளம் வாங்கும்போது தட்டுகிற தட்டு அது. பிறகு நான் முன்சக்கரத்தின் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். சேலை கறையானது. உள்ளே சக்கரத்தைத் தாங்கும் தண்டு வண்டியோடு சேர்கிற இடத்தில் வெல்டிங் பருக்கை பருக்கையாக, ஒன்றை ஒன்று தொடாமல் இருந்தது. அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். வறுவேல் அண்ணன்தான் கை கொடுத்துத் தூக்கினார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது கேட்டேன். "அண்ணே, தட்டிப் பாத்தியளே, என்ன தோணிச்சு?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "உள்ளத சொல்லட்டா? எனக்க வள்ளத்துக்கு இந்தக் கனத்துல பைபரு போட்டா, நான் அதுல கடலுக்கு எறங்க மாட்டேன்."

"பின்ன எதுக்கு வாங்குதிய?"

"மாப்பிள்ள ஆசப்பட்டுக் கேட்டதுல்லா. பெண்ணப் பெத்தவன் சாமான்ல கொற சொன்னா, கொடுக்க மனசில்லாத்தவன்ணு ஆவும். நாளைக்கு எனக்க மோளு அந்த வீட்டுல ஒரு சொல்லு கேக்கப்படாது."

"எந்த வீட்டுல அண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். "உனக்க வீட்டுலதான் தங்கச்சி. வேற யாருக்க வீட்டுல?"

மக்கா, வண்டியைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. கடலில் முப்பது வருடம் பிழைத்த மனிதர், எது தாங்கும், எது தாங்காது என்று விரல் முட்டியால் அறிகிறவர், தன் மகள் உட்காரப் போகிற வண்டி தாங்காது என்று தெரிந்தும் தலையை ஆட்டுகிறார். ஆட்ட வைத்தது நாம். அவர் உயிருக்குப் பயப்படவில்லை, நம் வீட்டுச் சொல்லுக்குப் பயப்படுகிறார். யாரையும் பயமுறுத்தாத வீடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நம் வீட்டுக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேட்டுப் பார். "அம்மா, நான் ஒண்ணும் கேக்கல்ல. 'என்ன வண்டி பிடிக்கும்'ணு அவரு கேட்டாரு, நான் சொன்னேன். அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று நீ நம்புகிறாய் என்பது எனக்குத் தெரியும். நீ பேராசைக்காரன் இல்லை. அவர் பெரிய கார் வாங்கிக் கடன்படுவார் என்று பயந்து சின்னதைச் சொன்னாய். ஆனால் மாப்பிள்ளை வாயிலிருந்து வருகிற 'பிடிக்கும்' பெண் வீட்டில் போய் விழும்போது அது உத்தரவாகிவிடுகிறது. கேட்காமல் கேட்பது கேட்பதைவிட மோசம். கேட்டவனிடம் முடியாது என்று சொல்லலாம், கேட்காதவனிடம் என்ன சொல்லி மறுப்பது?

வண்டி சரியில்லை என்று நான் சொன்னேன். அப்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அம்மா, நம்ம ஸ்கூட்டர் மறந்து போச்சா? அதும் வெளிநாட்டுச் சாமான்தான். லைசென்ஸ் இல்ல, பெட்ரோல் இல்ல, நல்லாத்தான ஓடிச்சு? அந்த நாய் மட்டும் குறுக்க சாடல்லன்னா ஒரு கீறல் இருந்திருக்காது." நான் ரேஞ்ச் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ரேஞ்ச் இருந்தது. 

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அந்த ஸ்கூட்டரை வாங்கினோம். வாங்கினோம் என்ன, நான் வாங்கினேன். அப்பா, "வண்டி ஓட்டுதவன் சொல்லுதேன், கேளுட்டி. பேர் தெரியாத்த சாமான் வேண்டாம்" என்றார். நான் பிஸிக்ஸ் படித்தவள். பெட்ரோல் விலையையும் கரண்டு விலையையும் ஒரு தாளில் கூட்டிக் கழித்து அவர் முன்னால் வைத்தேன். உன் அத்தைமார் முன்னிலையில், "பஸ் ஓட்டுதவங்களுக்குக் கணக்கு வராது" என்றும் சொன்னேன். அவர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனார். லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், டாக்ஸ் வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை நான் முழுக்க நம்பினேன். ஒரு வண்டிக்கு இதெல்லாம் வேண்டாம் என்றால் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம் என்பது, வண்டி இன்சூரன்ஸ் ஆபீசிலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றவில்லை. பணம் மிச்சம் என்றுதான் தோன்றியது.

ஏழெட்டு மாதம் கழித்து முன்சக்கரத்தில் ஒரு சத்தம் வந்தது. பள்ளத்தில் இறங்கினால் 'கடக்' என்று. ஒரு வாரம் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அப்பாவுக்குத் தெரியும், 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் முகம் சொல்லும். அந்த முகத்தைப் பார்க்க மனமில்லாமல் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன். நீ ஒருநாள், "அம்மா, முன்னால என்னமோ சத்தம் கேக்குது" என்றுகூடச் சொன்னாய். "ரோடு சரியில்ல" என்றேன். அந்தச் சனிக்கிழமை உன்னை டியூஷனுக்குக் கூட்டிப் போகும்போது குழித்துறைப் பாலத்தின் நடுவில் போர்க்கு இரண்டாக ஒடிந்தது. வண்டி மூக்கு குத்தி நின்றது. நீ என் தோளுக்கு மேலே பறந்துபோய் விழுந்தாய். எதிரே வந்த பஸ் உன் தலைக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அந்த டயரின் சூடு உன் முகத்தில் அடித்தது என்று நீயே பிறகு சொன்னாய். உன் தாடையில் ஏழு தையல். என் மணிக்கட்டு இன்றும் மழைக்காலத்தில் வலிக்கும்.

பாலத்தில் நாய் இல்லை, மக்கா. கறுப்பு நாயும் இல்லை, வெள்ளை நாயும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அப்பா யூனிபாரத்தோடு ஓடிவந்து, "எப்படிட்டி?" என்று கேட்டார். என் வாயில் நாய் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. தையல் போடக் கொடுத்த மருந்தில் நீ மயக்கத்தில் இருந்தாய், எழுந்ததும் உன்னிடமும் அதையே சொன்னேன். இரண்டு நாளில் நீ அந்த நாயைப் பார்த்ததாகவே சொல்ல ஆரம்பித்தாய். கறுப்பு என்று நிறம் சொன்னது நீதான். நான் திருத்தவில்லை. வண்டியை எடுக்கப் போனபோது மெக்கானிக், "சேச்சி, இது ஒடிஞ்சதில்ல. ஆதியிலேயே ஒட்டல்ல. வெல்டிங்கப் பாருங்க" என்று காட்டினார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, வேறு போர்க்கு போடச் சொல்லி, ஒடிந்ததைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஏன் தூக்கிப் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. பிறகும் அந்த ஸ்கூட்டர் ஓடியது. பாட்டரி செத்தபோது வாங்கிய கடையைத் தேடிப் போனோம், அங்கே பேக்கரி இருந்தது. அதை மட்டும் எல்லோரிடமும் ஒரு தமாஷாகச் சொல்லிச் சிரித்தேன்.

அப்பா இன்றைக்கும் அந்தப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஒரு ஹாரன் அடிப்பார். ஆள் இல்லாவிட்டாலும் அடிப்பார். அவருடைய கண்டக்டர்மார் கேலி செய்வார்கள். "எனக்க மோனத் தள்ளிப்போட்ட நாய் அங்கதான் கிடக்கும்" என்று சொல்வாராம். பத்து வருடம் ஒரு மனிதரை இல்லாத நாய்க்கு ஹாரன் அடிக்க விட்டிருக்கிறேன். நீ ஜெனிஷாவிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாய். நிச்சயத்தன்று அவள் என் காதில், "மாமி, அவங்களுக்கு இப்பவும் கறுப்பு நாயக் கண்டா பயமாமே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போது உனக்குப் புரியும். அந்த வண்டி உன்னைக் கொல்லப் பார்த்தது என்று அன்றே சொல்லியிருந்தால், நீ இன்று இந்தப் பச்சைக் காரின் போட்டோவை வறுவேல் அண்ணனுக்கு அனுப்பியிருக்க மாட்டாய். நான் என் முகத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்யில் நின்றுகொண்டு, நீ ஒரு பெண்ணை அதைவிட மோசமான தகரத்துக்குள் உட்கார வைக்கப் போகிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கரண்டு வண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாளை எல்லோரும் அதில்தான் போவார்கள் என்று நினைக்கிறேன், போகவும் வேண்டும். வெளிநாட்டில் இடித்துப் பார்த்து, நொறுக்கிப் பார்த்து விற்கிற நல்ல கரண்டு கார்கள் இருக்கின்றன என்று நீயே எனக்கு வீடியோ அனுப்பியிருக்கிறாய். ஆனால் அவை இங்கே வந்து இறங்கும்போது வரியோடு சேர்ந்து அந்த விலை நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்கிற உயரத்தில்கூட இருப்பதில்லை. நமக்கு எட்டுகிற விலையில் வருவது இந்தத் தகரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி வருகிறவரை பஸ்சில் போவதில் ஒரு குறைவும் இல்லை, உன் அப்பா ஓட்டுகிற பஸ்தானே. மலிவு என்று யாராவது சொன்னால், எதைக் கழித்து மலிவாக்கினான் என்று கேள். இதில் கழித்திருப்பது கதவின் கனம், பெல்ட்டின் பிடி, ஒரு வெல்டரின் அரை மணி நேரம். பதிவு இல்லாத வண்டிக்கு எங்கள் ஆபீசில் ஒரு தாள் நகராது. அது யாரையாவது இடித்தால் அந்தக் குடும்பத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்கே நிறுத்திப் பார். வீட்டில் கேட்டாலும் அப்படித்தான். நான் உனக்குச் சொல்ல நினைத்த அத்தனை கல்யாணப் புத்திமதியிலும் மிஞ்சியது இது ஒன்றுதான்.

இதை உனக்கு மட்டும் என்று தொடங்கினேன். வேறு வீட்டு அம்மாமார் கையில் கிடைத்தாலும் எனக்குச் சம்மதம்தான். துபாயிலும் தோகாவிலும் இருந்துகொண்டு 'பிடிக்கும்' என்று போட்டோ அனுப்புகிற மகன்கள் நம் வீட்டில் மட்டும் இல்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு டெம்போ கைமாறுகிறது. நேற்று முழுவதும் யோசித்தேன். வறுவேல் அண்ணனுக்குப் போன் போட்டு, "கார் வேண்டாம்" என்று சொன்னால் போதாது. நிச்சயத்தன்று அத்தனை பேர் முன்னால் சொன்னதையே அவர் உபசாரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். இன்னொரு தடவை சொன்னால், சின்னது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, டெம்போவைக் கொடுத்ததோடு வீட்டையும் அடகு வைத்துப் பெரியது பிடிப்பார். நீ சொன்னாலும் அப்படித்தான். பெண் வீட்டாரிடம் நாம் 'வேண்டாம்' என்று சொன்னால் அது 'வேண்டாம்' என்று கேட்பதில்லை. மரியாதைக்குச் சொல்கிறாள் என்று யாராலும் நினைக்க முடியாத ஒன்றைச் சொன்னால்தான் அது கேட்கும்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. ஏழே முக்காலுக்குத் தேங்காய்ப்பட்டணம் பஸ். இந்த இரும்பை என் ஆபீஸ் பையில் வைத்துப் பார்த்தேன், பாதி வெளியே நிற்கிறது. இருக்கட்டும், பஸ்சில் நாலு பேர் பார்க்கட்டும். வறுவேல் அண்ணன் ஏலம் முடிந்து வருவதற்குள் நான் அவர் வீட்டில் இருப்பேன். முதலில் அவரிடம் சொல்லப் போவதில்லை. ஜெனிஷாவைக் கூப்பிட்டு, அவள் கையில் இதைக் கொடுத்து, பாலத்தில் நாய் இல்லை என்று சொல்லப் போகிறேன். உன் தாடைத் தழும்பை உண்டாக்கியது என் அகங்காரம் என்றும், அதை மறைத்துப் பத்து வருடம் வாழ்ந்தவள்தான் அவளுடைய மாமியார் என்றும், கார் கேட்டது அந்தப் பொய்யில் வளர்ந்த பையன் என்றும் சொல்வேன். டெம்போவைக் கொடுத்து வாங்கிய எந்த வண்டியும் என் வாசலில் ஏறாது, ஏறினால் நான் கோயிலுக்கு வரமாட்டேன் என்று அவளுடைய அம்மாவுக்கும் கேட்கும்படி சொல்வேன். அதற்குப் பிறகும் இந்த வீட்டுக்கு வருகிறாளா என்று அவளிடமே கேட்பேன். அவள் இல்லை என்று சொன்னால், இரண்டாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்று பங்குச் சாமியாரிடம் நானே போய்ச் சொல்வேன். உன்னைக் கேட்க மாட்டேன்.

நீ இதைப் படிக்கும்போது நான் பஸ்சில் இருப்பேன். என்னைக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். ரேஞ்ச் இருக்கும்.